எல்க் வேட்டைக்கு எந்த ரவை? நோர்வேயில் பன்னிரண்டு பருவங்கள்

2012 வசந்தத்தில் வேட்டைத் தேர்வு எழுதினேன். அந்த இலையுதிர்காலமே எங்கள் ஊர்க் குழுவோடு காட்டுக்குப் போனேன். அதிலிருந்து 2023 வரை பன்னிரண்டு பருவம். துவக்கு ஒன்றுதான்: பழையதாக வாங்கிய டிக்கா டி3, 30-06 அளவு. ரவையில் மட்டும் மூன்று வகை போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த மூன்றைப் பற்றியும், ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தேன், ஏன் விட்டேன் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். இங்கே புதிதாகத் தேர்வு எழுதும் நம்மவர்கள் சிலர் போன் எடுத்து முதலில் கேட்பதே "அண்ணை, எந்த ரவை வாங்கிறது?" என்பதுதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல் விளக்கம். எங்கள் பேச்சில் துவக்கு என்றால் துப்பாக்கி. ரவை என்றால் முழுத் தோட்டா. சுடும்போது முன்னால் பறந்து போகும் முனை சன்னம், பின்னால் தங்கும் பித்தளைக் கூடு கோது. கடையில் நாம் வாங்குவது ரவை. காட்டில் வேலை செய்வது சன்னம். இந்த வேறுபாடு மனதில் நின்றால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும்.

நான் இருப்பது திரொண்டலாக் மாகாணத்தின் வடக்கே, நம்டாலன் பள்ளத்தாக்கில். எல்க் நிறைய உள்ள பகுதி. வட அமெரிக்காவில் இதே விலங்கை மூஸ் என்பார்கள். 400 கிலோவைத் தாண்டும் ஆணும் உண்டு. வன்னிக் காட்டில் மரை (கடமான்) பார்த்தவர்கள் அதைப் போல் இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொள்ளலாம். செப்டெம்பர் 25இல் பருவம் தொடங்கும். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஓர் இருப்பிடம் ஒதுக்குவார்கள், நாய்க்காரர் நாயோடு காட்டுக்குள் நடப்பார், நாங்கள் அசையாமல் காத்திருப்போம். எல்க் வெளியே வரும் தூரம் பெரும்பாலும் 30 முதல் 100 மீற்றர். இந்தத் தூரம் முக்கியம், பின்னால் இதற்கு வருகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012இல் நாங்கள் படித்தபடி, எல்க் போன்ற பெரிய விலங்குக்குச் சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்க வேண்டும். 9க்கும் 10க்கும் இடையில் என்றால் 100 மீற்றரில் 2700 யூல் (ஜூல்) சக்தி வேண்டும். 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 யூல் போதும். சன்னம் உடலுக்குள் விரியும் வகையாக இருக்க வேண்டும். முழு உறை போட்ட இராணுவ வகை சன்னம் பயிற்சிக்கு மட்டுந்தான். இதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் முப்பது பயிற்சிச் சூடு, அப்புறம் ஒரு தேர்வு: 100 மீற்றரில் ஐந்து சூடு, ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள். ஒன்று வெளியே போனாலும் சித்தியில்லை, திரும்பச் சுட வேண்டும்.

கடையில் 6.5×55 ரவைப் பெட்டிகளில் 10.1 கிராம் என்று அடிக்கடி போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அது கிரெய்ன் என்ற பழைய எடை அளவில் 156. பத்துக் கிராம் எல்லையைச் சற்றே தாண்டி நிற்பதால், மென்மையாக உதைக்கும் அந்தச் சிறிய ரவைக்கும் எல்க் வேட்டையில் இடம் கிடைக்கிறது. 6.5×55 நோர்வேயும் சுவீடனும் சேர்ந்து 1890களில் உருவாக்கிய இராணுவ ரவை. 30-06 அமெரிக்க இராணுவம் 1906இல் ஏற்றது, பெயரில் உள்ள 06 அந்த வருடந்தான். .308 பிறகு, 1952இல் வந்தது. இந்த மூன்றுந்தான் இங்கே எங்கும் பரவலாக உள்ள அளவுகள். எதை எடுத்தாலும் எல்க்குக்குப் போதும். அளவைப் பற்றிய வாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே அளவுக்குள் எந்தச் சன்னம் என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

எனக்கு அதை ஒரு விலங்கின் வேதனைதான் படிப்பித்தது.

முதல் மூன்று பருவமும் விலை குறைந்த சாதாரண மென்முனைச் சன்னம்: 11.7 கிராம், உள்ளே ஈயம், வெளியே மெல்லிய செப்பு உறை, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாதது. எந்தக் கொம்பனி என்பது இங்கே தேவையில்லை, இந்த வகைச் சன்னத்தின் இயல்பே அதுதான். பெட்டியில் எழுதியிருந்த சக்தி சட்டம் கேட்டதைவிட நிறையவே கூட. முதல் இரண்டு விலங்கும் கன்றுகள். இரண்டிலும் சன்னம் விலாவுக்குள் போனது, ஐம்பது மீற்றருக்குள் விழுந்தன. நல்ல ரவை என்று நம்பினேன்.

2014 ஒக்டோபரில் பெரிய ஆண் ஒன்று நாற்பது மீற்றரில், சாய்வாக என்னை நோக்கி வந்தது. தோளுக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்தேன். சுடும் கணத்தில் அது ஓர் அடி எடுத்து வைத்தது. சன்னம் தோள் எலும்பில் பட்டது. விலங்கு முழங்காலிட்டு, எழுந்து, பைன் மரங்களுக்குள் மறைந்தது.

குழுத் தலைவர் வந்து இரத்தத்தைப் பார்த்தார். பாசியின் மேல் கொஞ்சம் இரத்தம், வெள்ளையாக இரண்டு எலும்புத் துணுக்குகள். நுரையீரல் இரத்தத்தில் தெரியும் நுரை இல்லை. "உட்கார். ஒரு மணித்தியாலம் ஒருவரும் அசைய வேண்டாம்" என்றார். எல்க் வேட்டைக்குப் போகிற எந்தக் குழுவும் பயிற்றிய தேடல் நாயை ஒழுங்கு செய்து வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்த நாள் அந்தச் சட்டத்தின் அருமை விளங்கியது. நாய் முன்னே போக, மூன்று மணித்தியாலம் கழித்து, ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி ஒரு சதுப்பின் ஓரத்தில் படுத்திருந்ததைக் கண்டோம். தலைவர்தான் இரண்டாவது சூட்டைச் சுட்டார். மூன்று மணித்தியாலம் அந்த உயிர் பட்ட பாடு என் கையால் வந்தது. இன்றும் அந்தச் சதுப்பைக் கடந்து போகும்போது எனக்குப் பேச்சு வராது.

தோலை உரித்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. சன்னத்தின் உறை எலும்பின் முன்பக்கத்திலேயே வாழைப்பூ மடல்போல் பிரிந்து தனியாகக் கிடந்தது. ஈயம் சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தோள் இறைச்சி முழுவதும் தெறித்திருந்தது. நெஞ்சுக்குள் ஒரு துண்டுகூடப் போகவில்லை. அந்த முன்னங்கால் முழுவதும் கறுத்த இரத்தக் கட்டி, வெட்டி எறிய வேண்டியதாயிற்று. சூடு ஓர் அடி பிசகியது என் பிழை. ஆனால் பெரிய எலும்பில் பட்டாலும் உள்ளே போகக்கூடிய சன்னத்தை நான் எடுத்து வந்திருக்கவில்லை.

ஏன் இப்படி உடைகிறது? 30-06இல் 11.7 கிராம் சன்னம் குழல் வாயை விடும்போது நொடிக்கு 820 மீற்றர் வேகம். தூரம் போகப் போக வேகம் குறையும். அப்படியென்றால் கிட்ட நிற்கும் விலங்கில்தான் சன்னத்துக்கு மிகக் கடுமையான சோதனை. எங்கள் காட்டில் எல்லாம் கிட்டத்தில்தான் நடக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் யூல் கணக்கு சன்னம் முழுதாக இருந்தால்தான் பயன். உடைந்து சிதறினால் ஒவ்வொரு துணுக்கும் தன் சிறு பங்கோடு நின்றுவிடும்.

இது பழைய பிரச்சினை. 1946இல் ஜோன் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் ஒன்றைச் சுட்டார். உடம்பெல்லாம் காய்ந்த சேறு. அவருடைய வேகமான சன்னங்கள் மேலேயே உடைந்து உள்ளே போகவில்லை. அவர் வீட்டுக்குப் போய் நடுவில் செப்புத் தடுப்புச் சுவர் வைத்து ஈயத்தை இரண்டு அறையாகப் பிரித்த ஒரு சன்னத்தைச் செய்தார். முன் அறை விரிந்து உடைந்தாலும் பின் அறை முழுதாகப் போகும். அதுதான் 1948 முதல் விற்பனைக்கு வந்த பார்டிஷன். என் கதையைக் கேட்ட துவக்குக் கடைக்காரர் இதைச் சொன்னபோது, அறுபத்தெட்டு வருடம் முன்னமே ஒருவர் இதே இடத்தில் தடுக்கி விழுந்து எழும்பியிருக்கிறார் என்று ஓர் ஆறுதல் வந்தது.

2015இல் நோர்மா ஒரிக்ஸுக்கு மாறினேன், அதே 11.7 கிராம். இதில் செப்பு உறையும் ஈயமும் பிரிய முடியாதபடி ஒட்டியிருக்கும். விரியும், ஆனால் உதிராது. 100 மீற்றரில் ஏறத்தாழ 3000 யூல் மிஞ்சுகிறது. ஐந்து பருவத்தில் ஆறு எல்க். நான்கில் சன்னம் மறுபக்கம் வெளியேறிவிட்டது. இரண்டில் மறுபக்கத் தோலுக்கு அடியில் தங்கியது. ஒன்றை எடுத்துக் கழுவி, வீட்டில் மனைவி நகை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தேன்: 10.9 கிராம். முன்பக்கம் காளான் குடைபோல் விரிந்து, அடிப்பக்கம் புதிதுபோல் வட்டமாக இருந்தது. அது தோள் எலும்பைத் தாண்டி வந்த சன்னம். அந்த விலங்கு முப்பது மீற்றர் போகவில்லை.

ஒரிக்ஸைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் இல்லை. ஈயச் சன்னம்தான் வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இந்த ஒட்டிய வகையைத்தான். ஒரிக்ஸ் கிடைக்காவிட்டால் சாக்கோவின் ஹாமர்ஹெட்டும் அதே முறையில் செய்தது, குழுவில் இரண்டு பேர் அதைத்தான் பாவிக்கிறார்கள்.

பிறகு ஏன் மாறினேன் என்றால், மகளுக்காக. 2020 தொடக்கத்தில் அவள் கர்ப்பமாக இருந்தாள். எங்கள் உறைபெட்டியில் பாதி எல்க் இறைச்சி. பெரிய விலங்கு விழுந்தால் குழு இறைச்சியைப் பங்கு போடும் முறை நம் ஊர்ப் பங்கு இறைச்சி போலத்தான்: எலும்பு, கொழுப்பு, ஈரல் எல்லாம் எல்லாருக்கும் சமமாக. என் பங்கு இரண்டு வீட்டுக்கு ஒரு வருடம் போகும். நோர்வேயின் உணவுப் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2013இல் ஈயத்தைப் பற்றி வெளியிட்ட அறிக்கையை அப்போதுதான் உட்கார்ந்து வாசித்தேன். ஈயச் சன்னம் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் போகின்றன. மான் இன இறைச்சியை அடிக்கடி உண்பவர்களின் இரத்தத்தில் ஈயம் சராசரியாகக் கூட. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கூடாது. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்தால் குறையும், ஆனால் அரைத்த இறைச்சியில் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? மகளுக்கு அந்த வருடம் ஆட்டிறைச்சி வாங்கிக் கொடுத்தேன். ரவையை மாற்றினேன்.

மூன்றாவது, இப்போதுள்ளது: லபுவா நட்சுராலிஸ், 11 கிராம், ஈயமே இல்லாத முழுச் செம்பு. முனையில் பச்சை நிறத்தில் சிறிய பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும், பட்டவுடன் அது உள்ளே தள்ளி முனையை விரிக்கும். பார்ன்ஸ் கொம்பனியின் நீல முனைச் செப்புச் சன்னத்தையும் வாங்கிப் பார்த்தேன். அது நான்கு இதழாக விரியும். என் குழலில் நட்சுராலிஸ் சூடுகள் தாளில் இன்னும் நெருக்கமாக விழுந்தன, அதனால் அதிலேயே நின்றேன். உங்கள் குழலுக்கு மாறியும் வரலாம். இரண்டு பெட்டி வாங்கித் தாளில் சுட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

செம்புக்கு மாறுபவர் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

செம்பு ஈயத்தைவிட எடை குறைந்த உலோகம். ஒரே எடைக்குச் செப்புச் சன்னம் நீளமாக இருக்கும். நீளமான சன்னம் நேராகப் பறக்கக் குழலின் உள்முறுக்கு (சன்னத்தைச் சுழல வைக்கும் உள்வரிகள்) வேகமாக இருக்க வேண்டும். அதனால் செம்பில் ஒரு படி எடை குறைந்ததையே எடுப்பது வழக்கம். 30-06இல் 11 கிராம் தாராளம். 9, 10 கிராம் எல்லையில் நிற்பவர்கள் மட்டும் பெட்டியில் 100 மீற்றர் சக்தியைப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது வேகம். ஈயம் மென்மை, வேகம் குறைந்தாலும் விரியும். செம்பு விரிய நல்ல வேகம் தேவை. நொடிக்கு 600 மீற்றருக்குக் கீழே இறங்கினால் நான் அதை நம்பமாட்டேன். எங்கள் காட்டில் இது பிரச்சினை இல்லை. ஆனால் 2021இல் வெட்டிய காட்டுவெளியில் ஒரு பெண் எல்க் தூரமானியில் 230 மீற்றர் காட்டியது. பக்கவாட்டாக, அசையாமல், ஐந்து நிமிடம் நின்றது. விரல் விசைக்குப் போகவில்லை. குழுவில் ஒருவரும் ஏன் சுடவில்லை என்று கேட்கவில்லை.

அப்புறம் துளைத்துப் போகும் தன்மை. இதுவரை ஐந்து எல்க் செம்பில் விழுந்தன, ஐந்திலும் சன்னம் மறுபக்கம் வெளியே போய்விட்டது. ஒன்றையும் எடுத்து நிறுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் துளை இருந்தால் இரத்தத் தடம் நன்றாக விழும், பனியில் பின்தொடர்வது சுலபம். அதே காரணத்தால் பின்னால் என்ன நிற்கிறது என்பதில் கூடுதல் கவனம் தேவை. 2022இல் தாயும் கன்றும் ஒன்றாக வந்தன. இங்கே கன்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும், தாயில்லாக் கன்று குளிர்காலம் தாண்டுவது கடினம். கன்று எனக்கு முன்னால் அழகாக நின்றது, ஆனால் அதன் தோளுக்கு நேர் பின்னால் தாயின் வயிறு. காத்திருந்தேன். தாய் நாலு அடி நகர்ந்த பிறகுதான் சுட்டேன்.

செம்பில் விலங்கு சற்று அதிகத் தூரம் ஓடும் என்று சொல்வார்கள். என் ஐந்தில் மூன்று அறுபது, எழுபது மீற்றர் போயின. ஒரிக்ஸில் சராசரி இதைவிடக் குறைவு. எல்க் சூடு பட்டதைக் காட்டிக்கொள்ளாத விலங்கு: நுரையீரல் இரண்டும் துளைபட்டும் தலையைத் திருப்பி ஒரு கணம் பார்த்துவிட்டு நடக்கும். பட்டது என்ற நிச்சயம் இருந்தாலும், நின்றுகொண்டிருந்தால் இரண்டாவது சூட்டையும் போடுங்கள். ரவையைச் சேமிக்கும் இடம் அதுவல்ல.

இறைச்சியில் வித்தியாசம் பெரிது. செப்புச் சன்னம் போன வழியில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு மட்டும் இரத்தம் கட்டியிருக்கும், சுற்றிலும் சுத்தமான சிவப்பு. தொங்கவிடும்போது நாங்கள் நாற்பது நாள்-பாகை கணக்குப் பார்ப்போம்: கொட்டிலில் 4 பாகைக் குளிர் என்றால் பத்து நாள். பத்து நாள் கழித்து வெட்டும்போது முன்னங்காலில் எறியும் பங்கு இப்போது மிகக் கொஞ்சம். அந்த முன்னங்கால்தான் யாழ்ப்பாணத் தூள் போட்ட பிரட்டலுக்கு அருமையான இறைச்சி. பேரன் இப்போது அதைத்தான் கேட்டுச் சாப்பிடுகிறான்.

விலை கூட, அதை மறைக்க முடியாது. இருபது ரவைப் பெட்டி, சாதாரண மென்முனையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுத்து வாங்குகிறேன். ஆனால் ஒரு பருவத்தில் விலங்கின் மேல் நான் சுடுவது இரண்டோ மூன்றோதான். பயிற்சிக்கு மலிவான முழு உறை ரவை போதும். ஒரு எச்சரிக்கை: இரண்டும் ஒரே இடத்தில் படாது. என் துவக்கில் மலிவு ரவை 100 மீற்றரில் ஆறு சென்ரிமீற்றர் கீழே, இடப்பக்கமாக விழும். கோடை முழுவதும் மலிவு ரவையில் பழகுங்கள், கடைசிப் பத்தையும் வருடாந்தத் தேர்வையும் வேட்டை ரவையில் சுட்டு, தூரக்கண்ணாடியை அதற்கே சரி செய்யுங்கள். ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது குழலை முழுதாகச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள். நான் செய்யாமல் விட்டு, முதல் பெட்டி முழுவதும் தாளில் சிதறி, ரவையைக் குறை சொன்னேன். கழுவிய பிறகு மூன்று சூடும் ஒரு தீப்பெட்டிக்குள் விழுந்தன.

உதைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் எழுபது தாண்டிய ஒருவர் 6.5×55இல் 10.1 கிராம் ஈயச் சன்னம் சுடுகிறார். அவருடைய எல்க் தேடல் நாய்க்கு வேலை வைத்ததாக எனக்கு நினைவில்லை. இன்னொருவர், நல்ல மனிதர், பலமாக உதைக்கும் .300 மக்னம் வாங்கி வந்தார். விசையை அழுத்தும்போதே கண் மூடிக்கொள்ளும். தேர்வில் இரண்டு முறை வட்டத்துக்கு வெளியே போனது. பிறகு .308க்கு மாறி, சத்தம் குறைக்கும் குழாயும் பூட்டினார், இங்கே அது கடையில் சாதாரணமாக வாங்கலாம். உதைப்பும் குறையும், காதும் தப்பும். இப்போது ஐந்தும் வட்டத்துக்குள்.

போன் எடுக்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதைத்தான்: பயமில்லாமல் நாற்பது சூடு சுடக்கூடிய அளவில் ஒரு துவக்கு, காட்டில் தூரம் கிட்ட என்றால் முழுச் செம்பு அல்லது ஒட்டிய ஈயம், அதையே பல வருடம். போன கிழமை ஒரு தம்பி, "சாதாரண மென்முனை பாதி விலை, அண்ணை" என்றான். 2014இல் எடுத்த படத்தை அனுப்பினேன், உறை தனியாகவும் ஈயம் தனியாகவும் கிடக்கும் படம். சற்று நேரம் கழித்து, "நட்சுராலிஸ் எந்தக் கடையில் இருக்கு?" என்று பதில் வந்தது.

எனக்கு இந்த வருடத்துக்கு மூன்று பெட்டி அலுமாரியில் இருக்கிறது, மூன்றும் ஒரே தொகுதி எண். தொகுதி மாறினால் படும் இடமும் கொஞ்சம் மாறலாம், அதனால் சேர்த்து வாங்கினேன். முதல் பெட்டியில் பதினொன்று மிச்சம்.